குறிப்புதவி அலமாரியில் எவற்றை வைப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் திருச்சபையில் நூலகம் ஒன்றைத் தொடங்கவிருக்கிறோம். சபையோடு இணைந்த பள்ளியின் மாணவர்களும் ஆசிரியர்களும் அதைப் பயன்படுத்துவார்கள். கையில் இருக்கும் தொகை குறைவு. பல தொகுதிகள் கொண்ட வேதாகம விளக்கவுரை வரிசை ஒன்றை முதலில் வாங்கிவிட வேண்டும் என்று குழுவில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். தங்கள் ஆலோசனை என்ன?
– சபை நூலகக் குழுவின் செயலர் ஒருவர்

பதில்: விளக்கவுரை வரிசையை முதலில் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் நிற்கும் தொகுதிகள் அலமாரிக்குக் கம்பீரம் தருகின்றன என்பது உண்மைதான். ஆனால் விளக்கவுரையைத் தேடி வருகிறவர் பெரும்பாலும் பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்யும் போதகராகவோ வேதபாட ஆசிரியராகவோதான் இருப்பார். மற்றவர்கள் சிறிய கேள்விகளோடு வருகிறார்கள். எபேசு எங்கே இருந்தது, பரிசேயருக்கும் சதுசேயருக்கும் என்ன வேறுபாடு, கூடாரப்பண்டிகை எதை நினைவுகூர்கிறது, மனதில் பாதி மட்டும் நிற்கும் ஒரு வசனம் எந்தப் புத்தகத்தில் வருகிறது என்பன போன்றவை அவை. ஐந்து நிமிடத்தில் விடை கண்டு நூலை மூடி வைத்துவிட்டுப் போகிற இவர்களுக்காகத்தான் குறிப்புதவிப் பகுதி என்று ஒன்று இருக்கிறது. மேலும், ஒரு வரிசையின் தொகுதிகளை வெவ்வேறு அறிஞர்கள் எழுதுவதால், ஒரு தொகுதி மிகச் சிறப்பாகவும் அதற்கு அடுத்தது சுமாராகவும் அமைந்துவிடுவது வழக்கம். ஆகவே, வேதாகமம் முழுமைக்கும் ஒரே தொகுதியாக அமைந்த விளக்கவுரை ஒன்றை இப்போதைக்கு வாங்கிவிட்டு, சபையில் அந்தந்த ஆண்டு போதிக்கப்படும் புத்தகங்களுக்கு மட்டும் தனித் தொகுதிகளைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

வாங்கப் புறப்படும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் வாலிபர்களும் வேதபாட வகுப்பு மாணவர்களும் உண்மையில் கேட்கும் கேள்விகளைச் சில வாரங்கள் எழுதி வாருங்கள். அந்த நோட்டுதான் உங்கள் கொள்முதல் பட்டியல். பெரும்பாலான சபைகளில் அது இந்த வரிசையில்தான் வந்து நிற்கும்: அண்மைக்காலப் பதிப்பான ஒரு வேதாகம அகராதி, ஒரு சொல் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும், சபையில் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்புக்குப் பொருந்திய சொல்லடைவு, வேதாகம நிலப்பட நூல், வேறு இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகள், சபை வரலாற்றுக்கென ஒரு நூல்.

சொல்லடைவு, அதாவது கன்கார்டன்ஸ், வாங்கும்போது கவனம் தேவை. ஒவ்வொரு சொல்லடைவும் ஏதேனும் ஒரு மொழிபெயர்ப்பின் சொற்களைக் கொண்டே தொகுக்கப்படுகிறது. 1737-இல் வெளியான குரூடன் தொகுப்பும் 1890-இல் வெளியான ஸ்ட்ராங் தொகுப்பும் 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டவை. உங்கள் வாசகர் கையில் இருப்பது வேறொரு மொழிபெயர்ப்பு என்றால், அவர் நினைவில் வைத்திருக்கும் சொல் அதில் இருக்கவே இருக்காது. எத்தனை சிறந்த தொகுப்பானாலும் அது வேறொரு பூட்டின் சாவிதான்.

எந்த வேதாகம அகராதி நல்லது என்று பெயர் கேட்பவர்கள் பலர். பெயரைவிடச் சோதித்துப் பார்க்கும் முறையைச் சொல்வதே பயன் தரும் என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று அகராதிகளை அருகருகே விரித்து வைத்து, எல்லாவற்றிலும் ஒரே கேள்வியைத் தேடுங்கள். நான் லூக்கா 2:2-ஐ எடுத்துக்கொள்வது வழக்கம். சிரேனியு சீரியாவின் தேசாதிபதியாக இருந்தபோது குடிமதிப்பு, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நடந்தது என்கிறது அந்த வசனம். இயேசு பிறந்தது ஏரோது ராஜாவின் நாட்களில் என்கிறது மத்தேயு. ஏரோது இறந்தது கி.மு. 4-இல் என்பது அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. சிரேனியு நடத்திய குடிமதிப்பை யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸ் வைப்பதோ கி.பி. 6-இல். இடையில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இடிக்கின்றன. இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் கடந்து போகும் அகராதியும் உண்டு. லூக்கா தவறிவிட்டார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் உண்டு. சிக்கல் தீர்ந்துவிட்டது என்று அடித்துச் சொல்வதும் உண்டு. நல்ல அகராதி முதலில் சிக்கலை உள்ளபடி சொல்லும். அதற்குக் கூறப்பட்ட விளக்கங்களையும் ஒவ்வொன்றின் பலவீனத்தையும் அடுத்து வைக்கும். கட்டுரையாசிரியர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதை மறைக்காது. இறுதியில் அவர் பெயரும் மேற்கொண்டு படிக்க வேண்டிய நூல்களும் இருக்கும். விசுவாசத்துக்கு இடறலாகிவிடுமோ என்று அஞ்சிச் சிக்கலையே மறைக்கும் நூல், அந்தக் கேள்வியை வெளியே எங்கோ கேட்டுவிட்டு வரும் பதினாறு வயது மாணவனுக்கு எந்த உதவியும் செய்யாது.

அடுத்த சோதனை பொந்தியு பிலாத்து. 1961-இல் செசரியாவின் இடிபாடுகளில் பிலாத்துவின் பெயர் பொறித்த கல் ஒன்று கிடைத்தது. அதில் அவருடைய பதவி ‘பிரிஃபெக்ட்’ என்று இருக்கிறது. அதற்கு முந்திய நூல்கள், ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸைப் பின்பற்றி, அவரை ‘புரோகியுரேட்டர்’ என்றே குறித்துவந்தன. உங்கள் முன் உள்ள அகராதி இந்தக் கல்லைக் குறிப்பிடுகிறதா என்று பாருங்கள். அட்டை எவ்வளவு புதிதாக இருந்தாலும், உள்ளடக்கத்தின் வயது அங்கே தெரிந்துவிடும்.

கேள்வி: ஓய்வுபெற்ற போதகர் ஒருவரின் குடும்பத்தார் அவருடைய பழைய நூல்கள் முழுவதையும் எங்கள் நூலகத்துக்குக் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். அவற்றைக் குறிப்புதவிப் பகுதியில் வைக்கலாமா?
– நூலகப் பொறுப்பாளர் ஒருவர்

பதில்: நன்றியோடு பெற்றுக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாவற்றையும் ஏற்று அலமாரியில் வைப்போம் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தேவையற்றதை வேறு நூலகத்துக்கு அனுப்பும் உரிமை நூலகத்துக்கு உண்டு என்பதை ஏற்கும்போதே ஒரு கடிதத்தில் எழுதி வைத்துக்கொண்டால் பிற்பாடு மனத்தாங்கல் வராது.

பழைய நூல்களில் இரண்டு வகை உண்டு. மத்தேயு ஹென்றியின் விளக்கவுரை போன்றவை தியானத்துக்கும் பிரசங்கத்துக்கும் இன்றும் பயன்படுகின்றன. (அவர் 1714-இல் இறந்தபோது அப்போஸ்தலர் நடபடிகள் வரையே முடித்திருந்தார் என்பதும், ரோமர் முதல் வெளிப்படுத்தல் வரையுள்ள பகுதியை மற்றவர்கள் முடித்தார்கள் என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி.) வேதாகம அகராதி, நிலப்படம், தொல்லியல் ஆகியவை இன்னொரு வகை, இவற்றுக்கு முதுமை உண்டு. 1929-இல் சிரியாவின் பழைய நகரான உகரித்தில் அகழாய்வு தொடங்கியபின் கானானியரின் பாகால் வழிபாட்டைப் பற்றி அவர்களுடைய எழுத்துகளிலிருந்தே அறிய முடிந்தது. 1947 முதல் சாக்கடல் அருகேயுள்ள கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களுள் ஏசாயா புத்தகத்தின் பிரதி ஒன்று, அதுவரை கையில் இருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறத்தாழ 1000 ஆண்டுகள் பழையது. 1993-இல் வட இஸ்ரேலில் உள்ள தேல் தாணில் கிடைத்த கல்வெட்டில் ‘தாவீதின் வீடு’ என்னும் தொடர் காணப்பட்டது. 1915-இல் வெளியான ஒரு கலைக்களஞ்சியத்தில் இவற்றுள் ஒன்றுகூட இருக்க வழியில்லை.

மறுபதிப்புகளில் ஏமாந்துவிடுவது எளிது. தலைப்புப் பக்கத்தில் நேற்றைய ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். பின்பக்கத்தைத் திருப்பினால் முதற்பதிப்பு 19-ஆம் நூற்றாண்டு என்று இருக்கும். சில பதிப்பகங்கள் அதையும் அச்சிடுவதில்லை. அப்போது முன்னுரையின் கீழுள்ள தேதியையும், கட்டுரைகளின் அடியில் காட்டப்படும் மேற்கோள் நூல்களின் ஆண்டுகளையும் பாருங்கள். அவை 1880-களோடு நின்றுவிட்டால் நூலின் வயது அதுதான்.

கேள்வி: பிற சபைப் பிரிவினரின் நூல்களையும் பிற மதங்களைப் பற்றிய நூல்களையும் வைப்பது எங்கள் சபையின் போதனைக்கு முரணாகாதா?
– மூப்பர் ஒருவர்

பதில்: நூலகத்தில் ஒரு நூல் இருப்பது சபை அதற்கு ஒப்புதல் முத்திரை இட்டதாகாது. உங்கள் சபையின் விசுவாச அறிக்கை, வழிபாட்டு ஒழுங்கு, வரலாறு ஆகியவற்றை முன்வரிசையில் வைத்து, மற்றவற்றை அருகில் வைத்தால் போதும்.

ஒரே பிரிவின் நூல்களை மட்டும் வைத்தால் உங்கள் சொந்த வேதாகமத்தையே சில இடங்களில் புரிந்துகொள்ள முடியாமற் போகும். யோவான் 10:22-இல் எருசலேமில் தேவாலயப் பிரதிஷ்டைபண்டிகை வந்ததாக வாசிக்கிறோம். அந்தப் பண்டிகை எப்படி உண்டாயிற்று என்பதைப் பழைய ஏற்பாட்டின் 39 புத்தகங்களில் எங்கும் காண முடியாது. கி.மு. 164-இல் தேவாலயம் மீண்டும் சுத்திகரிக்கப்பட்ட செய்தி மக்கபேயரின் முதலாம் புத்தகத்தில் இருக்கிறது. அது கத்தோலிக்கரின் 73 புத்தகங்களுள் ஒன்று, புரொட்டஸ்டன்டு சபையாரின் 66-இல் சேராதது. சங்கீதங்களின் எண்களும் அப்படித்தான். நாம் 23 என்று எண்ணும் சங்கீதம் கிரேக்க, லத்தீன் மரபைப் பின்பற்றும் பழைய நூல்களில் 22. இது தெரியாத மாணவர் நூலில் அச்சுப்பிழை இருக்கிறது என்று உங்களிடம் வந்து சொல்வார்.

உண்மையில் நான் அதிகம் எச்சரிக்க விரும்புவது குறிப்புகளோடு கூடிய ஆய்வு வேதாகமங்களைப் பற்றித்தான். வசனமும் உரையாசிரியரின் கருத்தும் ஒரே பக்கத்தில் அச்சாவதால், இரண்டும் ஒரே அதிகாரம் உடையவை என்னும் எண்ணம் வாசகரை அறியாமல் வந்துவிடுகிறது. 1909-இல் வெளியான ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள், தேவன் மனிதரோடு வெவ்வேறு யுகங்களில் வெவ்வேறு முறையில் நடந்துகொள்கிறார் என்னும் ஒரு குறிப்பிட்ட இறையியல் பள்ளியைச் சேர்ந்தவை. அதை வாசித்து வளர்ந்தவர்களுள் பலர் அது ஒரு பள்ளி என்பதையே அறியாதிருந்தார்கள். ஒன்றை வைப்பதானால், வேறு மரபைச் சேர்ந்த இன்னொன்றையும் பக்கத்தில் வையுங்கள்.

பிற மதங்களைப் பொறுத்தவரை, அவற்றை மறுத்து எழுதப்பட்ட நூல்களைக் குறிப்புதவி நூல்களாகக் கொள்ளக் கூடாது. அந்த மதத்தைப் பின்பற்றுகிறவர் ஒருவர் வாசித்தால், ‘ஆம், நாங்கள் நம்புவது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளக்கூடிய விவரிப்பு வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே விசுவாசத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கமாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: பள்ளிக்கென்று தனியாக எவற்றை வாங்க வேண்டும்?
– ஆசிரியை ஒருவர்

பதில்: கிறிஸ்தவப் பள்ளியின் நூலகமும் முதலில் ஒரு பள்ளி நூலகம்தான். நல்ல மொழி அகராதிகள், பொதுக் கலைக்களஞ்சியம், உலக நிலப்பட நூல், அறிவியல் நூல்கள் ஆகியவை இல்லாமல் வேதாகம நூல்கள் மட்டும் நிறைந்திருந்தால் மாணவர் அந்தப் பக்கம் வருவதே குறைந்துவிடும். நிலப்பட நூலில் 2011-இல் சுதந்திரம் பெற்ற தெற்கு சூடான் இருக்கிறதா, வானியல் நூல் 2006-க்குப் பின்னும் புளூட்டோவை ஒன்பதாம் கோளாக எண்ணுகிறதா என்று பார்த்தாலே அவற்றின் வயது தெரிந்துவிடும். அறிவியல் நூல்களை அறிவியல் ஆசிரியரே தேர்ந்தெடுக்கட்டும். சமய நோக்கம் சரியாக இருக்கிறது என்பதற்காக அறிவியல் தரம் குறைந்த நூலை ஏற்பது மாணவருக்குச் செய்யும் அநீதி.

சிறு பிள்ளைகளுக்கான வேதாகம அகராதியில் படங்களை ஊன்றிக் கவனியுங்கள். முதல் நூற்றாண்டு வீட்டின் அமைப்பையும், எண்ணெய் விளக்கையும், ஆட்டுத்தொழுவத்தையும் தொல்லியல் சான்றுகளை ஒட்டி வரைந்த படம் அரைப் பக்க விளக்கத்தைவிட மேலானது. இறுதியில் பொருளடைவு இல்லாத நூலை எடுத்தவுடனே திருப்பி வைத்துவிடலாம்.

கேள்வி: எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது அச்சு நூல்களுக்கு எதற்காகப் பணம் செலவழிக்க வேண்டும்?
– வாலிபர் ஒருவர்

பதில்: சொல்லடைவைப் பொறுத்தவரை தாங்கள் சொல்வது சரியே. ஒரு சொல்லையோ ஒரு தொடரையோ தேடுவதில் செயலிகள் அச்சு நூலை வென்றுவிட்டன. நூலகத்தில் ஒரு கணினி இருக்குமானால், பெரிய அச்சுச் சொல்லடைவுக்கு ஒதுக்கிய தொகையை நல்ல அகராதிக்குத் திருப்பிவிடலாம்.

ஆனால் இலவசச் செயலிகளில் உள்ள அகராதிகளும் விளக்கவுரைகளும் எவை என்று பாருங்கள்: ஈஸ்டன், ஸ்மித், மத்தேயு ஹென்றி, ஸ்ட்ராங். சில சிறந்த நூல்கள்தாம். ஆயினும் அவை இலவசமாகக் கிடைப்பதற்குக் காரணம் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது என்பதே. கும்ரானையும் தேல் தாணையும் அறியாத அதே பழைய நூல்கள் புதிய திரையில் வந்து நிற்கின்றன. ஆகவே இலவசமாகக் கிடைப்பதை மீண்டும் அச்சில் வாங்காமல், அங்கே கிடைக்காத அண்மைக்கால நூல்களுக்கே பணத்தைச் செலவிடுங்கள்.

கேள்வி: இந்நூல்களை எப்படி வகைப்படுத்துவது? இரவல் கொடுக்கலாமா?
– தொண்டர் ஒருவர்

பதில்: டியூயி தசம முறையில் வேதாகமத்துக்கு 220, வேதாகம அகராதிகளுக்கு 220.3, விளக்கவுரைகளுக்கு 220.7, சபை வரலாற்றுக்கு 270, பிற மதங்களுக்கு 290 என்று எண்கள் அமைந்திருக்கின்றன. சிறிய நூலகத்துக்கு இந்த அளவே போதும். குறிப்புதவி நூல்களின் முதுகில் எண்ணுக்கு மேலே ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்தை ஒட்டி, அவற்றை இரவல் கொடுக்காமல் நூலகத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். போதகருக்கும் அதே விதிதான். புதிய பதிப்பு வந்ததும் பழைய பதிப்பை இரவல் பகுதிக்கு மாற்றலாம். மாற்றும்போது அந்த எழுத்தை அகற்றி, பதிவேட்டிலும் பட்டியலிலும் திருத்திவிடுங்கள்.