மூட்டையை எங்கே வைப்பது?

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் வசிக்கிறேன். எங்கள் நடைப்பயிற்சி நண்பர்கள் சேர்ந்து போன டிசம்பரில் வீடில்லாதவர்களுக்காக நிதி திரட்டினோம். ஆஸ்திரேலியாவில் கம்பெனித் தலைவர்கள் ஒரு ராத்திரி வெளியே படுத்துப் பணம் திரட்டுவதைப் பார்த்து வந்த யோசனை. ஒரு பள்ளி மைதானத்தில் அட்டை விரித்து விடிய விடியப் படுத்திருந்தோம். தெரிந்தவர்கள் தாராளமாகவே கொடுத்தார்கள். அதில் கம்பளி வாங்கி வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி ரோடு, காட்பாடி ஸ்டேஷன் என்று போய்க் கொடுத்தோம். ஒரு அம்மா கம்பளியைத் தூக்கி எறிந்துவிட்டார், மனசு கஷ்டமாகிவிட்டது. எங்கள் தெருவிலேயே சிலர் இதெல்லாம் நாடகம் என்கிறார்கள். எதைக் கொடுத்தாலும் விற்றுக் குடித்துவிடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். இந்த வருடமும் நடத்தலாமா, வேண்டாமா?

எஸ்., காட்பாடி

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. கத்திரி வெயிலில் ஒரு வேலையாகப் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்வந்ததிலிருந்து எனக்கும் இதே நினைப்புதான். சாத்தியிருந்த ஒரு கடையின் ஷட்டரை ஒட்டிக் கையகல நிழல். அதில் ஒரு பெரியவர் நின்றுகொண்டே இருந்தார், உட்கார்ந்தால் கால் வெயிலில் போய்விடும். காலடியில் உரச் சாக்கில் கட்டிய மூட்டை. பத்தடி தள்ளித் தண்ணீர்ப் பந்தல் இருந்தது. அவர் போகவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் நிழலில் வேறு ஆள் வந்துவிடுவார், விட்டுவிட்டுப் போனால் மூட்டை போய்விடும்.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். நாடகம் என்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும், அவர்களுக்குப் பதில் சொல்ல உங்களுக்கும் எனக்கும் நேரமில்லை. குடித்துவிடுவார்கள் என்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: மாதச் சம்பளக்காரர் குடிக்கிறார் என்று யாராவது அவர் சம்பளத்தை நிறுத்துகிறார்களா? கம்பளியைத் தூக்கி எறிந்த அம்மாவை நினைத்து மனசு கஷ்டப்பட்டால் போதாது. அவருக்கு மனநலப் பிரச்சினை இருக்கலாம் என்று தோன்றினால் பக்கத்துக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்லுங்கள். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் குடும்பத்தைத் தேடுவதும் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி காவல் துறையின் கடமை. நமக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை இருக்கிறது. கூடவே போய் ஓ.பி. சீட்டு வாங்கிக் கொடுப்பது உங்களில் ஒருவரால் முடியாதா?

சரி, இப்போது திட்டப்போகிறேன். நீங்கள் பார்த்துச் செய்த அந்த நிகழ்ச்சி 2006இல் சிட்னியின் மேற்கே பாரமட்டாவில் செயின்ட் வின்சென்ட் டி பால் என்ற தொண்டு அமைப்பு தொடங்கியது. அதை ஜூனில் நடத்துகிறார்கள், அங்கே அது குளிர்காலம். கனடாவிலும் இப்படி நிதி திரட்டப் பிப்ரவரிக் குளிரில் நடக்கிறார்கள். அந்த ஊர்களில் ராத்திரிக் குளிர் ஆளைக் கொல்லும், அதனால் ராத்திரியில் படுக்கிறார்கள், நடக்கிறார்கள். நீங்கள் நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டீர்கள், அந்த ஊர்க் காரணத்தை யோசிக்கவில்லை. டிசம்பர் என்பது வேலூரில் தெருவில் கிடப்பவர்களுக்கு வருடத்திலேயே கொஞ்சம் நிம்மதியான மாதம் தம்பி. மேயில் 40 டிகிரியைத் தாண்டும் இந்த ஊரில் அவர்களை வாட்டுவது பகல்.

உங்களை மட்டும் சொல்லி என்ன. அரசாங்கமே வீடில்லாதவர்களை ராத்திரியில்தான் எண்ணுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 ராத்திரி எண்ணினார்கள். நாடு முழுக்க 17.73 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. எங்கே படுப்பார்கள் என்பதையே எல்லாரும் கேட்கிறோம். படுக்க எப்படியோ ஒரு கடைவாசல் கிடைத்துவிடுகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் எழுந்துபோக வேண்டும். அப்புறம் சாயங்காலம் வரை எங்கே போவார்கள்?

என் அப்பா லாங்கு பஜார் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒரு பெரியவர் விடிகாலையில் வந்து, பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தன் மூட்டையை வைத்துவிட்டு நேதாஜி மார்க்கெட்டுக்குப் போவார். காய்கறி லாரியில் இறக்குக் கூலி. குடியாத்தம் பக்கம் நெசவு செய்தவர், தறி போய், வீடும் போய் இங்கே வந்தவர். அப்பா அவருக்குத் தர்மம் என்று எதுவும் கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. சாயங்காலம் "வரேன் மொதலாளி" என்று மூட்டையை எடுத்துக்கொண்டு போவார். ஒருநாள் மழையில் நனைந்துவிட்டதென்று கடைவாசலில் பிரித்துக் காயப் போட்டார். இரண்டு லுங்கி, அடி நசுங்கிய பித்தளைச் சொம்பு, செத்துப்போன மனைவியின் புடவை ஒன்று, பால் கவரில் சுற்றி நூல் கட்டிய ரேஷன் கார்டு, வழவழவென்று தேய்ந்துபோன ஒரு தறி நாடா, ஊடுநூலைக் கொண்டுபோகிற கட்டை. தறி இல்லாத ஆள் நாடாவை வைத்திருந்தார்.

ஒரு பொங்கலுக்குக் கடை சாத்தியிருந்தபோது மூட்டையைக் கோட்டைப் பக்கம் மரத்தடியில் வைத்துவிட்டுக் கூலிக்குப் போயிருக்கிறார். குப்பை என்று யாரோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கார்டுக்கு மறுபடி அலைந்தார், போன இடத்திலெல்லாம் முகவரி கேட்டார்கள். அதற்குப் பிறகு கிடைத்த துணிமணியை ஒரு பையில் போட்டு இடுப்போடு கட்டிக்கொண்டே திரிந்தார். அப்பா எத்தனையோ முறை கூப்பிட்டும் பையைக் கழற்றி வைக்க மாட்டேன் என்றுவிட்டார். பையோடு நிற்கிறவரை இறக்குக் கூலிக்கு யார் சேர்ப்பார்கள்? அதுவரை கூலிக்காரராக இருந்தவரைத் தெருவில் எல்லாரும் பிச்சைக்காரர் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

மூட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைப்பீர்கள். பேசத்தான் வேண்டும். மூட்டையோடு வேலைக்குப் போக முடியாது. கட்டணக் கழிப்பிடத்துக்குப் போக முடியாது, குளிக்க முடியாது. ஓ.பி. வரிசையில் நிற்க முடியாது. ஆஸ்பத்திரி ரோட்டில் உங்களிடம் கம்பளி வாங்கியவர்களில் சிலருக்கு ஊரில் வீடே இருக்கும். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து, நாள் இழுத்துக்கொண்டே போனதில் லாட்ஜ் வாடகை கட்ட முடியாமல் வெளியே வந்தவர்கள். அவர்கள் பெட்டிக்குள் ரிப்போர்ட்டும் எக்ஸ்ரேயும் இருக்கின்றன. அதைக் காவல் காக்கவே ஒரு ஆள் பகலெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் கொடுத்த கம்பளி அந்தச் சுமையில் இன்னும் ஒன்று.

உங்கள் கடிதத்தில் அக்கம்பக்கத்தார் பேசுகிறார்கள், கொடுத்தவர்கள் வருகிறார்கள். கம்பளி வாங்கியவர்களில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. யாரிடமாவது உட்கார்ந்து, "என்னங்க வேணும்?" என்று கேட்டீர்களா?

நகர்ப்புற வீடற்றோருக்கான மத்திய அரசுத் திட்டம் 2013இல் வந்தது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் காப்பகம், ஆளுக்கு 50 சதுர அடி, வருடம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று அதில் விதி வைத்தார்கள். பகலும் அதில் சேர்த்திதான். மாநகராட்சியிடம் அதை நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், உங்கள் வசூல் அதற்கு ஈடாகாது.

வசூலை நிறுத்தச் சொல்லவில்லை. அட்டையில் படுத்துப் பணம் சேர்த்த பிள்ளைகள்மேல் எனக்குப் பிரியம்தான், முதுகு வலித்திருக்குமே என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த வருடமும் நடத்துங்கள். ஆனால் ஒரே நாளில் மொத்தமாக வாங்காமல், மாதாமாதம் இவ்வளவு தருகிறேன் என்று எழுதி வாங்குங்கள். நம் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்துக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு, முடிந்ததும் ஊர் நடுவில் வரவு செலவைப் படிப்பார்களே, அப்படிப் படியுங்கள்.

அந்தப் பணத்தில் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு அறை பிடியுங்கள். மாடி வேண்டாம், முட்டி வலிக்காரர்கள் ஏற மாட்டார்கள். குழாயும் குளியலறையும் இருக்கட்டும். காலையில் மூட்டையை வாங்கி டோக்கன் கொடுத்து, சாயங்காலம் திருப்பிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த வேலையைப் பஸ் ஸ்டாண்டில் படுப்பவர்களில் ஒருவருக்கே சம்பளம் போட்டுக் கொடுங்கள். முன்பணம் கேட்பார்கள், அதில் என் பங்கு உண்டு. குழு கூடுகிற நாளைச் சொல்லுங்கள், வருகிறேன். கொடுத்தவர்களோடு வாங்கியவர்களிலும் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.