கோகோ பிஞ்சு கருகுது, செயலி கருங்காய் நோய்னு சொல்லுது: மருந்து அடிக்கலாமா?

வணக்கம்ங்க. ஆனைமலையில் தென்னைக்கு ஊடே கோகோ வைத்திருக்கிறீர்கள். பிஞ்சைப் படம் பிடித்துப் போட்டதும் செயற்கை நுண்ணறிவுச் செயலி கருங்காய் நோய் என்றதாம். உடனே மருந்து அடிக்காதீர்கள். படத்தில் இருப்பது விரல் நீளப் பிஞ்சு. மஞ்சளாகி, சுருங்கி, காய்ந்து கறுத்தும் மரத்திலேயே ஒட்டியிருந்தால் அது பிஞ்சு வாடல். மரம் தாங்க முடியாத காய்களைத் தானே கைவிடுகிறது, மருந்து வீண்.

கருங்காய் நோய் வேறு. பழுப்புப் புள்ளி ஒன்று விரிந்து முழுக் காயையும் கறுக்க வைக்கும், ஈரத்தில் மேலே வெள்ளைப் பூசணம் படரும். அப்படி இருந்தால் அந்தக் காய்களைப் பறித்துத் தோப்புக்கு வெளியே புதைத்துவிட்டு, ஒரு சத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசண மருந்து) தெளியுங்கள். நிழலையும் கொஞ்சம் கழித்துவிடுங்கள். கறுத்து முடிந்த பிஞ்சில் செயலி ஏமாறும். மஞ்சளாகும்போதே இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.