சல்பூட்டமால் இன்ஹேலரை அடிக்க அடிக்க மூச்சுக்குழல் மசியாமல் போகுமா?

பிசான நெல் அறுப்புத் தூசியில் இழுப்பு வரும் அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி கேட்டிருக்கிறார்: "இன்ஹேலர் பலன் குறையுதே, விலங்குகளுக்கும் இப்படித்தானா?"

ஆமாம் அண்ணாச்சி. குதிரைகளில் இது தெளிவாகவே தெரிந்தது. மூச்சுக்குழல் அழற்சி உள்ள குதிரைகளுக்கு 21 நாள் கிளென்புட்டரால் என்ற மூச்சுக்குழல் தளர்த்தும் மருந்தைக் கொடுத்தார்கள். முதலில் குழல் நன்றாகத் தளர்ந்தது. கடைசியில் மருந்துக்கு முன்பு இருந்ததைவிட எளிதாகச் சுருங்கியது!

சல்பூட்டமாலும் அதே இனம்தான். தசைச் செல்லின் மேலிருந்து மருந்தை ஏற்கும் புரதமான பீட்டா-2 ஏற்பியைப் பிடித்து, உள்ளே சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருளைக் கூட்டித் தசையைத் தளர்த்தும். மருந்து விடாமல் ஒட்டியிருந்தால் செல் அந்த ஏற்பியின் வாலில் பாஸ்பேட்டைப் பொருத்தும். அரெஸ்டின் என்ற புரதம் வந்து சமிக்ஞையை அறுக்கும். பிறகு ஏற்பியே செல்லுக்குள் இழுக்கப்படும். இதெல்லாம் நிமிடக் கணக்கு, சீக்கிரம் மீளும். நாள்கணக்கில் நீடித்தால் ஏற்பிகளின் எண்ணிக்கையே குறையும். புதிதாக உண்டாக வேண்டும்.

ஸ்டீராய்டு அந்த உற்பத்தியைத் தூண்டுகிறது, அழற்சியையும் அடக்குகிறது. டாக்டர்கள் சல்பூட்டமால் மாதிரி மருந்தையும் ஸ்டீராய்டையும் சேர்த்துத் தருவது சும்மா இல்லை. ஒன்று சொல்ல வேண்டும்: தசையில் ஏற்பிகள் உபரியாக இருப்பதால் அது இந்த மருந்துக்கு லேசில் சோராது, அழற்சியைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள்தான் முந்திச் சோரும். நீங்களாக இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். தேவை கூடுகிறதென்றால் டாக்டரிடம் போய் ஸ்டீராய்டு பற்றிக் கேளுங்கள்.