பதில்: உள்ளே 1834 பத்திரிகை ஒட்டிய பூப்போட்ட பேண்ட்பாக்ஸ் (சுவருக்கு ஒட்டும் வால்பேப்பரால் மூடிய, தொப்பி, துணிமணி வைக்கும் பழங்காலப் பெட்டி), அதே ஆண்டுதானா?

அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. உள்ளே 1834 பத்திரிகை இருப்பதால், அந்த உள்தாள் 1834-க்கு முன் ஒட்டப்படவில்லை என்று மட்டும்தான் சொல்லலாம். வீட்டில் கிடந்த பழைய பேப்பரைத்தான் ஒட்டுவார்கள். பெட்டி சில வருடம் பிந்தியதாக இருக்கலாம். உள்தாள் கிழிந்து பிறகு மாற்றியிருந்தால், பெட்டி அதைவிடப் பழையது.

விளிம்பைப் பாருங்கள். வெளியே ஒட்டிய வால்பேப்பர் உள்பக்கம் மடிந்து, பத்திரிகை அதன் மேல் ஏறியிருக்கிறதா? அப்படியானால் வால்பேப்பருக்குப் பிறகு ஒட்டியது பத்திரிகை. ஓரத்தில் இன்னொரு தாள் எட்டிப் பார்க்கிறதா? அப்படி எட்டிப் பார்த்தால், பத்திரிகை இரண்டாம் முறை ஒட்டியது.

அடுத்து, பெட்டி அட்டையா, மரமா? பெரும்பாலானவை அட்டையைத் தைத்துச் செய்தவை. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் மெல்லிய பலகையை வளைத்து ஆணி அடித்திருந்தால் விஷயமே வேறு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஜாஃப்ரி ஊரில் ஹன்னா டேவிஸ் (1784-1863) அப்படித்தான் செய்தார். வண்டியில் ஏற்றிப்போய் பஞ்சாலைப் பெண்களுக்கு விற்றார். தொப்பி, ரிப்பன், துணிமணி எல்லாம் அதில்தான் போகும். மூடியின் உள்ளே அவர் பெயர் அச்சிட்ட சீட்டு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும் சோர்ந்துவிடாதீர்கள், சீட்டுகள் சுலபமாக உரிந்துபோகும்.

ஒரு எச்சரிக்கை: தேதி படிக்கிற ஆசையில் பேப்பரை நனைத்து உரிக்காதீர்கள். பளிச்சென்ற பச்சை இருந்தால் கையுறை போடுங்கள். அக்காலப் பச்சைச் சாயங்கள் சிலவற்றில் ஆர்சனிக் என்ற நஞ்சு உண்டு. பிரிந்த ஓரத்துக்கு ஃபெவிகால் வேண்டவே வேண்டாம்.