ஒரே மண், இரு வகை நீர்

கேள்வி: கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்று நீரோ சுவையாக இருக்கிறது. ஏன் இந்த வேறுபாடு?
– வாசகி, சேலம்

பதில்: மண் ஒன்றுதான் அம்மா, நீர் தங்கிய காலம்தான் வேறு. உங்கள் ஊரை ஒட்டிய சேர்வராயன் மலையில் பெரும்பகுதி சார்னோகைட் என்னும் கடினப் பாறை. அதில் நீர், மேலே சிதைந்து பொடிந்த அடுக்கிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். கிணறு பெரும்பாலும் அண்மையில் பெய்த மழையின் நீரைத் தருகிறது. ஆழ்துளையோ நெடுங்காலம் பாறையோடு கிடந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்ட நீரை இழுக்கிறது. காய்ச்சும்போது அந்தக் கால்சியமே கார்பனேட்டாகப் படிகிறது. அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரைத்துக் கரைவதைக் காணலாம்.

குடிநீரின் கடினத்தன்மை, அதாவது இந்தக் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் இல்லையெனில் 600 வரை இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது. என் கவலையெல்லாம் நாக்குக்குத் தெரியாத ஃபுளோரைடைப் பற்றியது, அது 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சுவையான கிணற்று நீரிலும் கழிவுநீர்க் கசிவால் நைட்ரேட்டும் கிருமிகளும் கலந்திருக்கலாம். ஆகவே போர் நீர், கிணற்று நீர் இரண்டையும் கோடையில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையும் ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள்.