அஸ்டெக் சிற்பத்தில் எந்தப் பாம்பு எது?

கேள்வி: மெக்சிகோ சிட்டியில் இருக்கும் மகளைப் பார்க்க ஆகஸ்டில் போகிறேன். அங்கே ஸ்பானியர் வருவதற்கு முன் ஆண்ட அஸ்டெக் மக்களின் சிற்பங்களில் எங்கு பார்த்தாலும் பாம்புதானாம். எது எதைக் குறிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்படியே அமெரிக்காவின் அரிசோனா போய் அங்குள்ள பழங்குடியினரான ஹோப்பி மக்களின் பாம்பு நடனத்தையும் பார்க்க முடியுமா?

பதில்: முதலில் உடம்பைப் பாருங்கள். நீண்ட இறகுகள் மூடியிருந்தால் அது கெட்சல்கோவாட்ல், காற்றுக்கும் படைப்புக்கும் உரிய தெய்வம். வெறும் செதிலோடு வாலில் வளையங்கள் அடுக்கியிருந்தால் அந்த மண்ணின் கிலுகிலுப்பைப் பாம்பு. இறகு நாகத்துக்கும் பல சமயம் அதே வால் இருக்கும் என்பதால் வாலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாவது வகை நெருப்புப் பாம்பு, சியுகோவாட்ல். மூக்கு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும், வால் கூராக முடியும். தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் உள்ள சூரியக் கல்லின் விளிம்பைச் சுற்றி இரண்டு வளைந்து கிடக்கின்றன. பலரும் நடுவில் இருக்கும் முகத்தை மட்டும் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் கீழ்விளிம்பைப் பாருங்கள்: பாம்புகளின் திறந்த வாய்களிலிருந்து இரண்டு முகங்கள் எட்டிப்பார்க்கும்.

அதே அரங்கில் கோவாட்லிக்குவே தாய்த்தெய்வத்தின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 1790-இல் நகரின் மையச் சதுக்கத்தில் தோண்டியெடுத்த, இரண்டரை மீட்டர் உயரச் சிலை. பாவாடை முழுக்கப் பின்னிய பாம்புகள். தலை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பாம்புகள் எதிரெதிரே முகம் வைத்து ஒரே முகம்போல் தெரியும். வெட்டுண்ட கழுத்திலிருந்து பீறிடும் ரத்தத்தையே சிற்பி பாம்பாக வடித்திருக்கிறார் என்பது ஆய்வாளர்கள் பலரின் விளக்கம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இங்கே பாம்பைத் தீமையின் அடையாளமாகப் பார்த்தால் சிலையே புரியாது. ரத்தம், மழை, நிலம் என உயிர் கொடுக்கும் எல்லாவற்றோடும் அவர்கள் பாம்பைச் சேர்த்தே நினைத்தார்கள்.

தெம்ப்லோ மயோர் கோயில் இடிபாட்டில் படிக்கட்டின் அடியில் இருக்கும் பாம்புத் தலைகளையும் விட்டுவிடாதீர்கள். மெக்சிகோ சிட்டிக்கு அருகிலுள்ள பழைய நகரமான தெயோதிவாகன் போனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அங்குள்ள இறகு நாகக் கோயில் அஸ்டெக்குகளுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முந்தையது.

ஹோப்பி மொழியும் அஸ்டெக்குகளின் நாவாட்லும் ஒரே உட்டோ-அஸ்டெக் மொழிக்குடும்பம்தான். ஹோப்பிகளுக்குப் பாம்பு மழைக்கான வேண்டுதலைக் கொண்டுசேர்க்கும் தூதர். ஆகஸ்டில் நடக்கும் சடங்கில் உயிருள்ள பாம்புகளை வாயில் கவ்வி ஆடி, பிறகு நான்கு திசைகளிலும் விட்டுவிடுவார்கள். ஒரு காலத்தில் பயணிகள் கூட்டமாகப் போய் வேடிக்கை பார்த்தார்கள். இப்போது வெளியாரை விடுவதில்லை. அது அவர்களுடைய வழிபாடு, அந்த முடிவு நியாயமானது. யாராவது அழைத்துப் போகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஹோப்பி கிராமங்களுக்குப் போனால் படம் எடுக்கவோ, ஒலிப்பதிவு செய்யவோ, வரையவோ கூடாது. மண்பாண்டமும் வெள்ளி நகையும் வாங்க ஆசையிருந்தால் செய்தவர்களிடமே நேரடியாக வாங்குங்கள். அதில் என்ன உருவம் இருக்கிறது என்று அவர்களிடமே கேட்கலாம். சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.