உறைபனி நாட்டில் கான்கிரீட் வாகனப் பாதை: புதிதாக வீடு வாங்கிய தம்பிக்கு ஒரு பதில்

அன்புத் தம்பிக்கு,

குளிர் நாட்டில் உங்கள் முதல் வீட்டை வாங்கியிருப்பதாகவும், தெருவிலிருந்து கார் நிறுத்தும் கொட்டகை வரை செல்லும் பழைய பாதை வெடித்து மேடும் பள்ளமுமாகக் கிடப்பதால் அதைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட் போட விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். விலை சொன்ன இரு ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் தளத்தின் கனத்தைக் கூட்டலாம் என்கிறார், மற்றவர் கம்பியை நெருக்கிக் கட்டலாம் என்கிறார், இருவருமே இலையுதிர்காலம் முடிவதற்குள் வேலையை முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள், இவர்களில் யார் சொல்வதை ஏற்பது என்பது உங்கள் கேள்வி. இந்தக் குளிரில் நெடுங்காலம் வாழ்ந்து, பல வீடுகளின் பாதைகள் எப்படிக் கெடுகின்றன என்பதைக் கவனித்தும் படித்தும் வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அவர்கள் இருவரும் பாரத்துக்குத்தான் பதில் சொல்கிறார்கள். வெப்பமான நாடுகளில் வளர்ந்த நம்மில் பலரும் உறுதி என்றால் கூடுதல் சிமெண்ட், கூடுதல் கம்பி, கூடுதல் கனம் என்றே நினைக்கிறோம். ஆனால் கீழே உள்ள தரை சரியாக இருந்தால், சாதாரணக் கார்களைத் தாங்க 100 மில்லிமீட்டர் கனமே போதுமானது. குளிர் நாட்டில் கான்கிரீட்டைக் கெடுப்பது பாரமன்று, நீர். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. ஒரு பனிக்காலத்தில் அது உறைவதும் உருகுவதும் பல தடவை நிகழ்கின்றன. ஆகவே தளத்தின் கீழே நீர் எங்கே நிற்கிறது, கான்கிரீட்டுக்கு உள்ளே எவ்வளவு நீர் இருக்கிறது, மேலே விழும் நீர் எந்த வழியாக ஓடுகிறது என்பவற்றுக்கு எந்த ஒப்பந்தக்காரர் தெளிவாகப் பதில் சொல்கிறாரோ, அவரிடம் வேலையைக் கொடுங்கள்.

முதலில் தரையைப் பார்ப்போம். குளிரில் நிலம் மேலெழும்புவதற்கு அங்கே ஏற்கெனவே இருக்கும் நீர் உறைந்து பெருகுவது மட்டும் காரணமன்று. நுண்ணிய வண்டல் கலந்த மண், உறையும் அடுக்கை நோக்கிக் கீழேயிருந்து நீரை உறிஞ்சி மேலே இழுக்கிறது. அந்த நீர் படலம் படலமாகப் பனிக்கட்டியாகச் சேர்ந்து தளத்தையே தூக்கிவிடுகிறது, வசந்தத்தில் அது உருகும்போது மண் குழைந்து தளத்துக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. பல குளிர் நாடுகளில் உறைவு ஒரு மீட்டருக்கும் கீழே இறங்குவதால், பாதைக்காக அந்த ஆழம் வரை மண்ணை மாற்றுவது யாராலும் இயலாது. இயன்றது, மேல்மண்ணை வெட்டியெடுத்துவிட்டு, நீரைத் தேக்காமல் வடியவிடும் உடைகல் ஜல்லியை 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் அதிர்வு இயந்திரத்தால் இறுக்கி, அந்த ஜல்லிக்குள் புகும் நீர் வெளியேற வழி வைப்பதுதான். மொத்த ஜல்லியையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் அதிர்த்தால் அடிப்பகுதி இறுகாது. கீழே களிமண்ணாக இருந்தால், ஜல்லி அதற்குள் அமிழ்ந்துவிடாதபடி இடையில் ஜியோடெக்ஸ்டைல் எனப்படும், நீரை வடியவிடும் செயற்கை இழைத் துணியை விரிக்கச் சொல்லுங்கள்.

வீட்டுச் சுவரை ஒட்டிய பகுதிக்குத் தனிக் கவனம் வேண்டும். அடித்தளம் கட்டும்போது தோண்டி, பிறகு மண்ணிட்டு மூடிய இடம் அது. அந்த மண் பல ஆண்டுகள் மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டிருக்கும், அதனுடன் பாதையும் வீட்டை நோக்கிச் சாயும். உங்கள் வீடு புதிதாகக் கட்டப்பட்டது என்றால், அந்த இடத்தை மீண்டும் தோண்டி இறுக்காமல் கான்கிரீட் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய்கள் பாதையின் ஓரத்தில் முடிகின்றனவா என்றும் பாருங்கள். முடிந்தால், பாதை போடுவதற்கு முன்பே அவற்றை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். பாதையின் வாட்டம் வீட்டிலிருந்து விலகிச் செல்லும்படி மீட்டருக்கு 20 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். நிலமே வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால், கொட்டகை வாசலுக்குக் குறுக்கே கம்பித் தட்டியிட்ட வடிகால் ஒன்றை அமைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இனி கான்கிரீட்டின் உள்ளே இருக்கும் நீரைப் பற்றி எழுதுகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம் என்று நான் கருதுகிறேன். உறைபனிக்கு ஏற்ற கான்கிரீட்டில், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய காற்றுக் குமிழ்கள் கோடிக்கணக்கில் கலந்திருக்க வேண்டும். நுண்துளைகளில் உள்ள நீர் உறைந்து பெருகும்போது, அழுத்தத்துக்கு உள்ளாகும் நீர் ஒதுங்குவதற்கு அந்தக் குமிழ்கள் இடம் கொடுக்கின்றன. இது 1930-களில் அமெரிக்காவின் கான்கிரீட் சாலைகளில் தெரியவந்த உண்மை. சிமெண்ட் அரைக்கும்போது கொழுப்புப் பொருள்கள் கலந்துவிட்ட சில இடங்களில் மட்டும் சாலை உரியாமல் நின்றதைக் கண்டு ஆராய்ந்தபோது, அந்தப் பொருள்கள் உண்டாக்கிய நுண்குமிழ்களே அதற்குக் காரணம் என்று தெளிந்தது. இன்று அதற்கெனத் தனி மருந்து இருக்கிறது, ரெடிமிக்ஸ் ஆலையிலேயே அதைக் கலந்து தருவார்கள். காற்றைச் சேர்த்தால் வலிமை குறையுமே என்று யாரேனும் சொன்னால், அது ஓரளவு உண்மைதான். அந்தக் குறைவை ஈடுசெய்தே கலவையை வடிவமைக்கிறார்கள், ஆகவே அந்தக் காரணத்துக்காகக் காற்றைக் கைவிடச் சம்மதிக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று எண்களை எழுத்தில் வாங்குங்கள்: வலிமை (நசுக்கும் அழுத்தத்தைத் தாங்கும் திறன், மெகாபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள்) 32 மெகாபாஸ்கலுக்குக் குறையாமலும், நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள எடை விகிதம் 0.45-க்கு மேற்படாமலும், காற்று 5 முதல் 8 விழுக்காடு வரையிலும் இருக்க வேண்டும். லாரி வந்ததும் அதனுடன் வரும் சீட்டைக் கேட்டு வாங்கி, இவை அதில் உள்ளனவா என்று பார்த்துப் பத்திரப்படுத்துங்கள். கலவை கெட்டியாக இருக்கிறது, பரப்பக் கடினம் என்று சொல்லி அங்கேயே குழாயைத் திறந்து நீர் சேர்க்கும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. அந்த நீர் பிறகு ஆவியாகி வெளியேறும்போது விட்டுச்செல்லும் துளைகளில்தான் அடுத்த பனிக்காலத்து நீர் புகும். கலவை இளக வேண்டுமானால், நீரைக் கூட்டாமல் இளக்கும் மருந்தை ஆலையில் கலக்கச் சொல்லலாம். லாரி வருவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது. வேலை நடக்கும்போது தடுக்கப்போனால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

நல்ல கலவை வந்த பின்னும், மேற்பரப்பைத் தேய்க்கும் நேரத்தில் அதைக் கெடுத்துவிட முடியும். கான்கிரீட்டைப் பரப்பி மட்டம் செய்த பிறகு, அதிலிருந்து சிறிது நீர் மேலே கசிந்து பளபளப்பாக நிற்கும். அது தானாக மறைவதற்கு முன் கரணையை வைத்துத் தேய்த்தால், அந்த நீர் மேற்பரப்பிலேயே கலந்து மெல்லிய, வலிமையற்ற ஒரு தோலாகிவிடும். உலர்ந்த சிமெண்டைத் தூவி நீரை உறிஞ்சுவதும், தேய்க்கச் சுலபமாக இருக்கும் என்று நீரைத் தெளிப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும். எஃகுக் கரணையால் வழுவழுப்பாக இழைப்பது வீட்டுக்கு உள்ளே போடும் தளத்துக்கு உரியது. வெளித் தளத்தில் அப்படிச் செய்தால், மேற்பரப்பை ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்கள், அதாவது மிகவும் தேவைப்படும் இடத்தில் இருப்பவை, வெளியேறிவிடும். ஆகவே கட்டையால் ஓரளவு சமன்செய்து, வாகனம் செல்லும் திசைக்குக் குறுக்கே துடைப்பத்தால் கீறல் இட்டு நிறுத்திவிடுவதே சரி. அது பார்வைக்குச் சொரசொரப்பாக இருக்கும், ஆனால் பனி படிந்த காலையில் கால் வழுக்காமல் இருப்பதற்கும் அதுவே உதவும்.

உங்கள் ஒப்பந்தக்காரர்களின் வாதத்துக்கு வருகிறேன். கனத்தைக் கூட்டுவதில் தவறில்லை. 100 மில்லிமீட்டரை 125 ஆக்கினால் கான்கிரீட் கால் பங்குதான் கூடும், ஆனால் வளைவைத் தாங்கும் திறன் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். கனரக வண்டி எதுவும் வந்து நிற்கும் என்றால் நான் கட்டாயம் கூட்டுவேன். கம்பியைப் பொறுத்தவரை, அது விரிசல் விழுவதைத் தடுப்பதில்லை, விழுந்த விரிசல் அகன்று பிரியாமல் பிடித்துவைக்கிறது. அதையும் தளத்தின் நடுவிலோ சற்று மேலேயோ தாங்கிகளின்மீது நிறுத்தினால்தான் செய்யும். ஜல்லியின்மேல் விரித்துவிட்டு, கான்கிரீட் கொட்டிய பின் கொக்கியால் தூக்கிவிடலாம் என்று சொல்லப்படும் கம்பிவலை பெரும்பாலும் அடியிலேயே கிடந்துவிடுகிறது. கம்பிக்குச் செலவழிப்பதைவிட இணைப்பு வெட்டுகளுக்குக் கவனம் செலுத்துவதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கான்கிரீட் உலரும்போது சுருங்கி எங்காவது விரிசல் விடத்தான் செய்யும், அந்த விரிசல் நாம் விரும்பும் நேர்கோட்டில் விழும்படி செய்வதே வெட்டின் வேலை. 100 மில்லிமீட்டர் தளத்துக்கு இரண்டரை முதல் 3 மீட்டருக்கு ஒன்றாக, கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு, கட்டங்கள் கூடியவரை சதுரமாக அமையும்படி வெட்ட வேண்டும். அறுக்கும் இயந்திரத்தால் வெட்டுவதானால் கான்கிரீட் போட்ட சில மணி நேரத்தில், விளிம்பு உதிராத அளவு இறுகியதும் வெட்ட வேண்டும், மறுநாள் வசதிப்படி வரலாம் என்று விட்டால் விரிசல் முந்திக்கொள்ளும். வீட்டுச் சுவர், கொட்டகைத் தளம், நடைபாதை, கம்பம் ஆகியவற்றைத் தொடும் இடங்களில், முழு ஆழத்துக்கும் மென்மையான பட்டையை இடையில் வைத்துப் பிரித்துவிட வேண்டும். பனிக்காலத்தில் பாதை உயர்ந்து தாழும், வீடு அசையாது, இரண்டையும் ஒட்டிவிட்டால் ஒன்று மற்றதை உடைக்கும்.

இலையுதிர்காலத்தின் கடைசியில் போடலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் பதில். புதுக் கான்கிரீட் ஏறத்தாழ 3.5 மெகாபாஸ்கல் வலிமை பெறுவதற்கு முன் ஒருமுறை உறைந்துவிட்டால், அது என்றும் தன் முழு வலிமையை அடையாது. அந்த நிலையைத் தாண்டிவிட்டாலும், உறைந்து உருகுவதைத் திரும்பத் திரும்பத் தாங்குவதற்கு அது நன்றாக முதிர்ந்திருக்க வேண்டும், முதிர்ந்த பின் ஒரு மாதமாவது உலர்ந்து உள்நீரை இழந்திருக்க வேண்டும். வெப்பநிலை 4 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் என்றால் குளிர்காப்புப் போர்வை, சூடான கலவை, விரைவில் இறுகவைக்கும் மருந்து என்று பலவும் தேவைப்படும், உறைந்த தரையின்மேல் எந்த நிலையிலும் போடக் கூடாது. கோடையிலோ வசந்தத்தின் பிற்பகுதியிலோ போட்டால் 7 நாள் ஈரம் காத்தால் போதும். ஈரச் சாக்கு விரித்து நீர் தெளிப்பது நமக்குப் பழகிய முறை, அது நல்ல முறையும்கூட. ஆனால் உறைபனி நெருங்கும் காலத்தில் அது கான்கிரீட்டுக்குள் நீரை நிறைத்துவிடும் என்பதால், அப்போது ஈரத்தை அடைத்துவைக்கும் திரவப் பூச்சைத் தெளிப்பார்கள். காரை 7 நாளுக்குப் பின் ஏற்றலாம், கனரக வண்டியை 28 நாள் வரை அனுமதிக்காதீர்கள்.

முதல் பனிக்காலத்தில் பாதையில் உப்பே போடாமல், வழுக்கலுக்கு மணலை மட்டும் தூவுங்கள். உப்பு பனியை உருக்கி, உருகிய நீரைக் கான்கிரீட்டுக்குள் இறக்கி, உறைந்து உருகும் சுழற்சிகளின் எண்ணிக்கையையும் கூட்டுகிறது. நீங்கள் போடாவிட்டாலும், தெருவில் தூவிய உப்பு காரின் அடியில் ஒட்டிய பனியோடு வந்து, கார் நிற்கும் இடத்தில் சொட்டும், பல பாதைகள் அங்கேதான் முதலில் செதில் செதிலாக உரிகின்றன. அந்த இடத்தை வாரம் ஒருமுறையாவது வழித்துவிடுங்கள். அம்மோனியம் நைட்ரேட்டோ அம்மோனியம் சல்பேட்டோ கலந்த பனியுருக்கியை எந்த ஆண்டும் வாங்காதீர்கள், அவை கான்கிரீட்டையே இரசாயன முறையில் அரிக்கும். 28 நாளுக்குப் பின், நன்கு உலர்ந்த பரப்பில், உள்ளே ஊறி நீரை விலக்கும் சிலேன் அல்லது சிலோக்சேன் வகைப் பூச்சு ஒன்றை அடித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். மேலே படலமாகப் படிந்து மினுக்கும் பூச்சை நான் விரும்புவதில்லை, உள்ளிருக்கும் ஈரம் வெளியேற அது வழிவிடாது.

தோண்டுவதற்கு முன் எரிவாயு, மின்சாரம், நீர்க் குழாய்கள் எங்கே செல்கின்றன என்று அடையாளமிடச் சொல்லுங்கள். தெருவோரக் கல்லை மாற்ற உள்ளூராட்சியின் அனுமதி தேவையா என்றும் விசாரியுங்கள்.

இந்தப் பனிக்காலத்தைப் பழைய பாதையுடனேயே கழிக்க முடியுமானால் அதை வீணாக்காதீர்கள். பனி உருகும் நாள்களில் நீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே தேங்கி உறைகிறது, எந்த இடம் மேலெழும்புகிறது என்று பார்த்துப் படம் எடுத்துவையுங்கள். வசந்தத்தில் ஒப்பந்தக்காரர்கள் மீண்டும் வரும்போது, கனத்தையும் கம்பியையும் பேசுவதற்கு முன் அந்தப் படங்களைக் காட்டி, வாட்டத்தையும் வடிகாலையும் எப்படி அமைப்பார்கள் என்று கேளுங்கள்.